கூட்டாளியைப் பிரிக்காதீர்கள்

‘பேட் கேர்ள்’ படத்தின் முன்னோட்டம் 2025 ஜனவரியில் வெளியானபோது, படம் வருவதற்கு முன்பே தீர்ப்பு எழுதியவர்கள் பலர். சொல் கேட்காத ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைத் திரையில் காட்டலாமா என்பதுதான் சண்டை. அது கடல் தாண்டி எங்கள் கரைக்கும் வந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சில வாரம் ஓடியது. கற்பிட்டிக் குடாநாட்டில் இருபது வருடம் படிப்பித்தவள் நான். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இங்கே என்ன நடக்கிறது என்பதைப் பற்றியும் அதே சூட்டோடு பேச வேண்டும் என்று அப்போதிருந்து மனதில் கிடக்கிறது.

முதலில் படத்தின் கதி. வர்ஷா பரத்தின் முதல் படம் அது. வெற்றிமாறன் தயாரித்தார், அனுராக் காஷ்யப் துணை நின்றார். ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு ‘நெட்பேக்’ விருது பெற்றது. ஊரில் நிலைமை வேறு. ஒரு சாதியை இழிவுபடுத்துகிறது என்றார்கள், சிறுவயதுப் பிள்ளைகளைத் தவறாகக் காட்டுகிறது என்றார்கள். ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முன்னோட்டத்தை இணையத்திலிருந்து நீக்கச் சொன்னது. படம் ஒருவழியாக செப்டெம்பர் 5ஆம் தேதி திரைக்கு வந்தது.

ஒரு கதாபாத்திரத்தின் ஒழுக்கத்தைப் பற்றி இத்தனை பேர் கவலைப்பட்டார்கள். நல்லது. பத்தாம் ஆண்டோடு பாடசாலைக்கு வராமல் போகும் பிள்ளையைப் பற்றி எத்தனை பேர் கவலைப்படுகிறோம்? வகுப்பில் ஒரு கதிரை காலியாகிறது. இடாப்பில் பெயர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். கேட்டால், “வீட்டுல நிப்பாட்டிட்டாங்க டீச்சர்” என்று பக்கத்துக் கதிரைப் பிள்ளை மெல்லச் சொல்லும். அந்தப் பக்கத்துக் கதிரைப் பிள்ளையைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

கட்டில் விரிப்பில் ஒரு படம்

சில வருடங்களுக்கு முன் ஓகஸ்ட் விடுமுறையில், என்னோடு படிப்பித்த ஒரு ஆசிரியையின் வீட்டில், சுவரில் கட்டில் விரிப்பைக் கட்டி ‘மஸ்டாங்’ படத்தைப் போட்டோம். 2015இல் வந்த படம். துருக்கியில் பிறந்த டெனிஸ் கம்ஸே எர்குவென் இயக்கியது. பிரான்ஸ் சார்பில் ஒஸ்காருக்குப் போய் இறுதிப் பட்டியல் வரை வந்தது. பார்க்க வந்தவர்கள் ஏழு பிள்ளைகள், அவர்களில் ஒருத்தியின் உம்மா. கீழே ஓடிய ஆங்கிலத்தை நான் வாயால் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கதை கருங்கடல் ஓரக் கிராமமொன்றில் நடக்கிறது. தாய் தகப்பன் இல்லாத ஐந்து சகோதரிகள், பாட்டியும் மாமாவும் வளர்க்கிறார்கள். பாடசாலையின் கடைசி நாள். வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளைகள் உடுப்போடு கடலில் இறங்கி, வகுப்புப் பையன்களின் தோளில் ஏறி ஒருவரையொருவர் தள்ளி விளையாடுகிறார்கள். அவ்வளவுதான் குற்றம். பார்த்த அயலவள் பாட்டியிடம் சொல்லிவிடுகிறாள். அன்றிலிருந்து கைபேசி போகிறது, கணினி போகிறது, பாடசாலை போகிறது. வீட்டில் சமையலும் தையலும் பழக்குகிறார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி வருகிறது. ஒவ்வொருத்திக்காய் மாப்பிள்ளை வருகிறது.

அந்தக் கடல் காட்சி வந்தபோது எங்கள் பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள். அயலவள் வந்து நின்றபோது சிரிப்பு நின்றது. ஒருத்தி தன் ஊர்ப் பெண்மணி ஒருவரின் பெயரைச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

படம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, அதுவரை வாய் திறக்காத ஒரு பிள்ளை சொன்னாள்: “டீச்சர், அவங்க அஞ்சு பேரும் ஒரே வீட்டுல இருந்தாங்க. அதனாலதான் ஏதாவது செய்ய ஏலுமாப் போச்சு. எங்கள அடச்சா தனித்தனி வீட்டுலதானே அடப்பாங்க.”

அந்தப் படத்தைப் பற்றி வந்த விமர்சனங்கள் சிலவற்றை நான் வாசித்திருக்கிறேன். அதில் எதிலும் எனக்கு இது கிடைக்கவில்லை. பூட்டைப் பற்றி எழுதியிருந்தார்கள், கம்பியைப் பற்றி எழுதியிருந்தார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கம்பியைவிடப் பெரிய தண்டனை கூட்டாளியைக் காணாமல் இருப்பது என்பதை இந்தக் கரைப் பிள்ளைதான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

எங்கள் கரையில் எப்படிப் பிரிக்கிறோம்

இங்கே யாரும் ஜன்னலுக்குக் கம்பி அடிப்பதில்லை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். பிள்ளை பெரிய பிள்ளை ஆனதும் முதலில் கடல் நிற்கும். பிறகு சைக்கிள். அதற்குப் பிறகு மாலை நேர டியூஷன். கடைசியாகக் கூட்டாளி வீட்டுக்குப் போய் வருவது. “குமர்ப் பிள்ளைக்கு என்ன கூட்டாளி” என்ற ஒரு வார்த்தையில் ஆறு வயதில் தொடங்கிய ஒரு உறவு முடிந்துவிடும். மணல் ஒழுங்கையில் பத்து வீடு தள்ளி இருக்கிற பிள்ளையை வருடக்கணக்காகப் பார்க்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இதை ஒரு சமூகத்தின் தலையில் போட்டுவிட்டு மற்றவர்கள் தப்ப முடியாது. கற்பிட்டி, ஆலங்குடா முஸ்லிம் வீடுகளிலும், தலவில பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளிலும், உடப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் இந்து வீடுகளிலும் இதுதான் வழக்கம். சொல்லும் சொல்தான் வீட்டுக்கு வீடு மாறும். எல்லோரும் ஒன்றாகப் பயப்படுவது ஊர் வாய்க்கு.

பெற்றோரின் பயம் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். பாலாவியில் இருந்து கற்பிட்டி வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வீதி. பஸ் ஏறி இறங்கும் இடத்தில் எல்லாம் வெளிச்சம் கிடையாது. படத்தை எடுத்து மிரட்டும் பையன்கள் இருக்கிறார்கள். உம்மா குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்யும் வீட்டில் பேத்தியைக் காக்கும் பொறுப்பு எழுபது வயதுக் கிழவியின் தலையில். அவர் என்ன செய்வார்? கதவைச் சாத்துவதைத் தவிர அவருக்கு வேறு வழி யார் கொடுத்தோம்?

ஆனால் தனியாக இருக்கும் பிள்ளையைத்தான் மிரட்டுகிறவன் தேடுகிறான். மூன்று பேர் சேர்ந்து போகிற பிள்ளைகளை வழி மறிக்கிறவன் குறைவு. “இப்படி ஒருத்தன் மெசேஜ் போடுறான்” என்று பிள்ளை முதலில் சொல்வது கூட்டாளியிடம். உம்மாவிடம் சொன்னால் கைபேசி போகும், சிலவேளை பாடசாலையும் போகும் என்று அதற்குத் தெரியும். கூட்டாளியும் இல்லாவிட்டால் அது யாரிடமும் சொல்லாது. காவல் என்று நினைத்து நாம் எடுப்பது பிள்ளையின் முதல் காவலைத்தான்.

மூன்றரை மாத இடைவெளி

இதை எழுதும்போது எனக்கு மிகவும் கவலை தருவது ஒரு குறிப்பிட்ட காலம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து முடிவு வரும் வரையான நாட்கள். 2025இல் பிள்ளைகள் மார்ச் மாதம் பரீட்சை எழுதினார்கள், ஜூலையில் முடிவு வந்தது. இந்த மூன்றரை மாதமும் பாடசாலை இல்லை, சீருடை இல்லை, வீட்டை விட்டு வெளியே போகக் காரணமும் இல்லை.

ஆண்பிள்ளைகள் இந்த நாட்களில் படகில் போகிறார்கள், வெங்காயத் தோட்டத்தில் கைக்காசு பார்க்கிறார்கள், பந்தடிக்கிறார்கள். பெண்பிள்ளை வீட்டில். சமையல், தம்பி தங்கை, கருவாடு காயப்போடுவது. “பள்ளிக்கூடம்தான் முடிஞ்சுதே” என்று யாரோ தொடங்குவார்கள். தரகர் வந்து போவார். முடிவு வரும்போது ஆறு பாடம் நல்லாகச் சித்தியடைந்திருக்கும் பிள்ளைக்குக் கலியாணம் பேசி முடிந்திருக்கும். உயர்தரத்துக்குச் சேரும் நாளில் கூட்டாளிகள் வாசலில் நின்று பார்ப்பார்கள், அவள் வரமாட்டாள்.

கட்டாயக் கல்வி வயதை 2016இல் 16 ஆக உயர்த்தினார்கள். சாதாரண தரப் பிள்ளைக்கு அந்த வயது வந்துவிடுகிறது. அதனால் சட்டமும் அங்கேயே கைவிட்டுவிடுகிறது.

எங்கள் கரை திரையில்

தர்மசேன பத்திராஜ 1978இல் எடுத்த ‘பம்பரு எவித்’ கற்பிட்டிக் கரையின் கதை. நகரத்திலிருந்து வரும் ஆண்களுக்கும் ஊர் மீனவர்களுக்கும் நடுவே சிக்கும் ஹெலன் என்ற பெண்ணாக மாலினி பொன்சேகா நடித்தார். 2025 மே மாதம் அவர் காலமானபோது அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். மணலும் காற்றும் அப்படியே நம்முடையவை. ஹெலன் எனக்கு மறக்காத முகம். ஆனால் கதை அவளைச் சுற்றி நடக்கும் ஆண்களின் போட்டி.

பிரசன்ன விதானகேயின் ‘இர மதியம’ (2003) 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதை ஒரு பகுதியாகக் காட்டிய படம். அதிலும் அந்தப் பகுதியின் நடுவில் நிற்பது ஒரு சிறுவனும் அவனுடைய நாயும். பார்த்து அழுதவள் நான். அன்று படகுகளில் வந்த பெண்பிள்ளைகளின் கதையை இன்னும் யாரும் எடுக்கவில்லையே என்ற ஏக்கமும் கூடவே இருக்கிறது.

ஏனென்றால் அவர்களை எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் பலர் கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். அன்று பத்தாம் ஆண்டில் இருந்த பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயது. எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த ஒரு உம்மா, வகுப்புக் கூட்டாளியிடம் பார்த்து எழுத வாங்கிய கணக்குக் கொப்பியை இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறார். கூட்டாளி தமிழ்ப் பிள்ளை. திருப்பிக் கொடுக்க ஒரு நாள் கிடைக்கவில்லை. கொப்பியின் மட்டை உதிர்ந்து, நீல மையில் எழுதிய பெயர் மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

அவர்தான் அன்று படம் பார்க்க வந்த உம்மா. மகளை உயர்தரத்துக்கு அனுப்புவதா என்று அந்த நேரம் அவர் வீட்டில் தகராறு ஓடிக்கொண்டிருந்தது.

‘மஸ்டாங்’கில் ஒரு இடம் உண்டு. ஐந்து பேரும் வீட்டுக்குத் தெரியாமல், பெண்கள் மட்டும் அனுமதிக்கப்பட்ட ஒரு உதைபந்தாட்டப் போட்டிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே அவர்கள் குதித்து ஆரவாரிப்பது தொலைக்காட்சியில் நேரடியாக வருகிறது. வீட்டு ஆண்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று அத்தை ஓடிப்போய் முதலில் வீட்டு மின்சாரத்தை அணைக்கிறாள். போதாதென்று வெளியே போய்க் கல்லெறிந்து ஊர் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிடுகிறாள். பிள்ளைகளைக் கட்டுப்படுத்தச் சொல்லி நிற்கும் அதே வீட்டுப் பெண்தான் இதையும் செய்கிறாள்.

அந்த உம்மா அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அது சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை. மகள் உயர்தரத்துக்குப் போனாள் என்பது எனக்குத் தெரியும்.

படம் பிள்ளையைக் கெடுக்குமா

இந்தக் கேள்வியைப் பெற்றோரும், பள்ளிவாசல் நிர்வாகிகளும், பாதர்மாரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். பிள்ளையின் கையில் இருக்கும் கைபேசியில் எதுவும் வரும், இரவு பன்னிரண்டு மணிக்கும் வரும், தனியாகப் போர்வைக்குள் பார்க்கும். அதைத் தடுக்க யாராலும் ஏலவில்லை. ஒரு ஆசிரியை பக்கத்தில் இருக்க, கூட்டாளிகளோடு சேர்ந்து, பகலில், ஒரு நல்ல படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் பேசுவது அதைப் போன்றதல்ல.

அடம்பிடிக்கும் பெண்பிள்ளைகள் வரும் படங்களைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் வீட்டை விட்டு ஓடவில்லை. ‘மஸ்டாங்’ பார்த்த அன்று அவர்கள் பேசியது எதைப் பற்றி என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். டியூஷனுக்குப் போக பஸ் இல்லை. மாதத்தில் அந்த மூன்று நாள் பாடசாலைக்கு வர முடியவில்லை, கழிப்பறையில் தண்ணீர் வராது. கடற்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாது. கூட்டாளி ஒருத்திக்குக் கலியாணம் பேசுகிறார்கள், அவளுக்குப் பிடிக்கவில்லை, யாரிடம் சொல்வது?

கடைசிக் கேள்வியைக் கேட்டவள் படத்தால் கெட்டுப்போன பிள்ளையா? ஒரு கூட்டாளிக்காகப் பேசத் துணிந்த பிள்ளை அவள்.

என்ன செய்யலாம்

முதலில் அந்த மூன்றரை மாத இடைவெளியை அடைத்துவிடுங்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் உயர்தர வகுப்பைத் தொடங்கும்படி 2024இல் கல்வி அமைச்சு சொன்னது. மிக நல்ல யோசனை. அதை ஒரு வருடத்து ஏற்பாடாக விடாமல் நிரந்தரமாக்க வேண்டும். உயர்தரம் இல்லாத சிறிய பாடசாலைகளில், முடிவு வரும் வரை ஆங்கிலமும் கணினியும் சிங்களமும் படிப்பிக்கலாம். இடாப்பு எடுக்க வேண்டும். வராத பிள்ளையைத் தேடி மூன்றாம் நாள் ஒரு ஆசிரியை வீட்டுக்குப் போக வேண்டும். தரகருக்கு முன் டீச்சர் போய்ச் சேர்ந்தால் பாதிக் கலியாணம் தள்ளிப்போகும் என்பது என் அனுபவம்.

அடுத்தது பஸ். ‘சிசு செரிய’ பாடசாலை பஸ் சேவையை பாலாவி – கற்பிட்டி வீதியில் மாலை வகுப்பு முடியும் நேரத்துக்கும் ஓடவிட வேண்டும். நுரைச்சோலைக்கு 900 மெகாவாட் அனல் மின் நிலையத்தைக் கொண்டுவர முடிந்த நாட்டுக்கு, அந்த வீதியின் பஸ் தரிப்பிடங்களில் ஒவ்வொரு விளக்கு எரிய வைப்பது பெரிய காரியமல்ல. இதைப் பிரதேச சபை ஒரு வரவு செலவுத் திட்டத்தில் செய்து முடிக்கலாம்.

2024இல் பாடசாலை மாணவிகளுக்கு அணையாடை வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுத்தார்கள். நல்ல காரியம். அதோடு கழிப்பறைக்குத் தண்ணீரும் கதவுக்குக் கொண்டியும் வேண்டும். இதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒரு வார இறுதியில் செய்யலாம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டால் காசும் வரும்.

சட்டத்தைப் பற்றியும் மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கலியாண வயது 1995இல் இருந்து 18. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் குறைந்த வயது இல்லை. 12 வயதுக்குக் கீழே என்றால் காழியின் அனுமதி வேண்டும் என்பதுதான் உள்ள கட்டுப்பாடு. மணப்பெண்ணின் கையெழுத்தும் தேவையில்லை, ‘வலி’ எனப்படும் ஆண் பாதுகாவலர் கையெழுத்து வைத்தால் போதும். நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் 2009இல் போட்ட குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் வருடங்கள் போய்விட்டன. 18 வயது, மணப்பெண்ணின் கையெழுத்து, இந்த இரண்டையும் இந்தப் பாராளுமன்றம் நிறைவேற்ற வேண்டும். முஸ்லிம் பெண்களே முன்னின்று கேட்கும் திருத்தம் இது; எங்கள் புத்தளத்துப் பெண்களும் அதில் இருக்கிறார்கள். பதிவே இல்லாமல் பதினாறு வயதுப் பிள்ளையைக் குடும்பம் நடத்த அனுப்பிவிடும் தமிழ், சிங்கள வீடுகளைக் கிராம சேவகர் கண்டும் காணாமல் விடுவதும் நிற்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு 1929 என்ற இலக்கம் தெரிய வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச அழைப்பு அது. சுவரில் ஒட்டினால் போதாது. கூட்டாளிக்காகவும் அழைக்கலாம் என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு கலியாணம் பேசப்படுவது அதிபருக்குத் தெரியும் முன், பொலிஸுக்குத் தெரியும் முன், பக்கத்துக் கதிரைக்குத் தெரிந்திருக்கும். அவள் பெயர் வெளியே வராமல் சொல்லக்கூடிய ஒரு ஆலோசனை ஆசிரியை ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்க வேண்டும்.

கற்பிட்டிக்கு உலகம் முழுவதிலிருந்தும் பெண்கள் காற்றாடிப் பலகை ஓட்ட வருகிறார்கள். அதே களப்பில், காலை ஏழு மணிக்கு, பெண் பயிற்றுநரோடு, முழுக்கை உடுப்போடு எங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அங்கே தொழில் நடத்தும் விடுதிகளிடம் பிரதேச சபை இதைக் கேட்கலாம். கேட்டால் கொடுப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கடைசியாகப் படம். வரும் விடுமுறைக்கு ஒரு பொது நூலகத்தின் மேல்மாடியைக் கேட்டிருக்கிறோம். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், விரும்பினால் அவர்களின் உம்மாமார், அம்மாமார். ‘மஸ்டாங்’கில் மனதை உலுக்கும் இடங்கள் உண்டு, ஒரு சகோதரி உயிரை விடுகிறாள், வீட்டுக்குள்ளேயே நடக்கும் கொடுமையும் குறிப்பாக வருகிறது. ஆகவே ஆசிரியைகள் முன்கூட்டியே பார்த்து, எங்கே நிறுத்திப் பேசுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். படம் 97 நிமிடம். பிற்பகல் ஒன்றரைக்குத் தொடங்கினால் மூன்று மணி தாண்டியதும் முடியும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசலாம். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்தே நாலரை பஸ்ஸுக்கு நடந்து போகலாம். தமிழில் வசனம் எழுதித் தர யாராவது முன்வந்தால், நான் நடுவில் நின்று கத்த வேண்டியதில்லை.